புதன்கிழமைக் கடைசி வகுப்பு

வேதியியல் துறைத் தலைவர் முனைவர் பூமா அம்மையாருக்கு முத்துக்கரைப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் அன்புடன் வாசித்தளிக்கும் பணிநிறைவுப் பாராட்டு மடல்

வினாக்களின் விளைநிலமே! வேதியியல் கூடத்தின் விடிவெள்ளியே! துணைவேந்தர் முதல் தோட்டக்காரர் வரை எவரையும் துருவித் துருவிக் கேட்டுத் திணறடித்த துறைத்தலைவரே! வணக்கம்.

ஏரலில் பிறந்து, தூத்துக்குடியின் உப்புக் காற்றில் முப்பத்தோர் ஆண்டுகள் ஊறிய பின்னும் உங்கள் ஆர்வம் மட்டும் துருப்பிடிக்காதது எப்படி? இன்றுவரை எங்களுக்கு விளங்கவில்லை. சேர்க்கை நாளில் நாங்கள் மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்களோ, "யாரும் சொல்லாமலே நீ ஆசையாச் செய்யுற வேலை எது?" என்று கேட்பீர்கள். பிள்ளைகள் விழிப்பார்கள், பெற்றோர் அவர்களைவிட அதிகமாக விழிப்பார்கள். மணப்பாட்டிலிருந்து ஆங்கில இலக்கியம் படிக்க வந்த ஸ்டெபி, "கல்யாணப் பந்தியில யாரை எங்கன உக்கார வைக்கணும்னு நான்தான் பாப்பேன் மேடம். ஒரு சண்டை வராது" என்றார். நாங்கள் சிரித்தோம், நீங்கள் கலைவிழாப் பொறுப்பை அவர் கையில் கொடுத்தீர்கள். இன்று துறைமுகத்தில் எந்தச் சரக்குப் பெட்டகத்தை எங்கே அடுக்குவது என்று திட்டமிடுவது அதே ஸ்டெபிதான்.

அந்த ஆவல் பெற்ற பிள்ளைதான் புதன்கிழமைக் கடைசி வகுப்பு. அந்த ஒரு மணி நேரம் எந்தத் துறை மாணவரும் எந்தத் துறையிலும் போய் உட்காரலாம். வருகைப் பதிவும் இல்லை, தேர்வும் இல்லை. பாடத்திட்டம் பட்டத்தைத் தரும், அவரவர் திறமை என்னவென்பதைப் பக்கத்து வகுப்புதான் காட்டும் என்பது உங்கள் கட்சி.

காயல்பட்டினத்து முஜாஹித்தை யாரால் மறக்க முடியும்! வணிகவியல் வகுப்பில் தன் பெயரைச் சொல்லவே தயங்கியவர், கால்பந்துப் போட்டியன்று கோல் கம்பத்துக்குப் பின்னால் தனியே அமர்ந்து ஆட்டத்தை முணுமுணுத்து வர்ணித்துக்கொண்டிருந்தார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்தீர்கள். அடுத்த புதனன்று ஆய்வகத்துக்கு வரச் சொன்னீர்கள். குடுவையிலிருந்த அமிலத்தில் காரம் சொட்டுச் சொட்டாக விழ, முதலாண்டு மாணவர்கள் சூழ்ந்து நிற்க, வர்ணனை தொடங்கியது. "ஏலே, கண்ணை எடுத்துராத! இன்னும் நிறம் மாறல... இந்தா அடுத்த சொட்டு... விழுந்துட்டு! ரோஸ் ஆயிட்டுலே, ரோஸ் ஆயிட்டு!" கைதட்டலில் ஆய்வகமே அதிர்ந்தது. இப்போது அவர் பள்ளி பள்ளியாகச் சென்று அறிவியல் சோதனைகளை விளக்குகிறார்.

இத்தகைய வகுப்பை நிறுத்திவிட்டு அந்த நேரத்தைத் தேர்வுப் பயிற்சிக்குக் கொடுக்கலாம் என்று இந்த ஆண்டு பேச்சு எழுந்தது. ஒவ்வொரு துறையிலும் ஓர் ஆசிரியர் பொறுப்பேற்றால்தான் அது நீடிக்கும் என்று கால அட்டவணைக் குழு கறாராகச் சொல்லிவிட்டது. ஓய்வு பெறும் மாதத்தில் நீங்கள் துறை துறையாக ஏறி இறங்கினீர்கள். நாங்கள் டீ கொடுத்தோம், வடை கொடுத்தோம், பதிலை மட்டும் கொடுக்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுதோம் மேடம்" என்று அனுப்பிவிட்டோம். உங்கள் முகம் வாடியது எங்கள் நெஞ்சைச் சுட்டது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். இந்த மேடையில் சொல்ல எங்களுக்கு ஒன்று வேண்டியிருந்தது.

அம்மையீர், எல்லாத் துறையும் ஒப்புக்கொண்டுவிட்டது. உங்களுக்குத் தெரியாமல் நாங்கள் கூடிய கூட்டத்தில் முதலில் கை தூக்கியவர், தேர்வுப் பயிற்சியே வேண்டும் என்று வரிந்துகட்டிக்கொண்டு வாதாடிய கணிதத் துறை எமில்டா. நாங்கள் திகைத்துப் பார்க்க, "அந்தப் பையன் வர்ணனையை நானும் ஆய்வக வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தானே இருந்தேன்" என்றார். உங்கள் வகுப்பு அடுத்த ஆண்டும் உண்டு!

உடல் நலமும் உள்ள நிறைவும் குன்றாமல் நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். வரும் புதனன்று மறக்காமல் வாருங்கள். சிறப்பு விருந்தினராக அல்ல. மாணவர் வரிசையில் உங்களுக்கு இடம் போட்டிருக்கிறோம். இத்தனை காலம் எங்கள் பிள்ளைகளுக்குள் திறமையைத் தேடிய உங்களுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்க்க எங்களுக்கும் ஆசையாக இருக்கிறது.

என்றும் உங்கள் அன்பில்,
அனைத்துத் துறை ஆசிரியர்கள், அலுவலர்கள்,
முத்துக்கரைப் பல்கலைக்கழகம்,
தூத்துக்குடி.