முன்சீட்டில் சுருளியம்மாள்

வீடியோ எடுக்கக் காலை ஆறரை மணி வெளிச்சம்தான் சரி, இன்ஸ்பெக்டர் மேடம். போடி ஜீப் ஸ்டாண்டில் அந்த நேரத்தில் முகங்கள் தெளிவாக விழும். அன்றும் அப்படித்தான் விழுந்தன. நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பதினோரு ஆண்டுகள் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்தை நிறுத்தினார்கள், என்னையும் நிறுத்தினார்கள். பிறகு கைப்பேசியை வைத்துச் சொந்தமாகச் செய்திச் சேனல் தொடங்கினேன். முப்பத்தெட்டாயிரம் பேர் பார்க்கிறார்கள். லிங்கேஸ்வரன் சொன்னால் சரியாக இருக்கும் என்பார்கள். என்னிடம் இருந்தது அந்தப் பேச்சு ஒன்றுதான்.

முத்துக்கிருஷ்ணனின் ஜீப்பைப் பற்றி நான் முதலில் போட்ட செய்தி உண்மை. மலைமேல் ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப்போகிற வண்டி அது. மெக்கானிக் ஆரிப் சொன்னார்: "மூணு மிதி மிதிச்சாத்தாண்ணே பிரேக்கு புடிக்குது. எறக்கத்துல மூணாவது மிதிக்கு எங்க போறது?" அவர் பெயரை மறைத்துப் போட்டேன். மறுநாள் அந்த வண்டியில் யாரும் ஏறவில்லை.

அடுத்த வாரம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவதூறு. கிரிமினல் வழக்கு, பத்து லட்சம் நஷ்டஈடு. முத்துக்கிருஷ்ணன் டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கேசு பத்து வருசம் நடக்கட்டும் மாப்ளே. எனக்கு வக்கீலு சித்தப்பா மகன். உனக்கு யாரு?"

சிரித்தார். நானும் சிரித்தேன். ஆரிப் கோர்ட்டுக்கு வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் பட்டறைக்கு வருவதெல்லாம் ஜீப்காரர்களின் வண்டிகள்.

செய்தியை எடுத்துவிடு என்று மட்டும்தான் முத்துக்கிருஷ்ணன் கேட்டார். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மீதி என் யோசனை. எடுத்தால், பயந்துவிட்டான் என்பார்கள். திருத்திப் போட்டால், நேர்மையானவன் என்பார்கள்.

தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்துப் போகிற பெண்தான் ஜீப்பில் முதலில் ஏறுவாள். டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருவாள். அவள் உட்காராத வண்டியில் மற்றவர்கள் கால்வைக்க மாட்டார்கள். முத்துக்கிருஷ்ணன் வண்டியில் போகிற கூட்டத்தைச் சேர்த்துப் போனவர் சுருளியம்மாள். அவர் ஏறுவதைக் காட்டிவிட்டால் வேறு மறுப்பு தேவையில்லை.

நான் கூப்பிட்டதால் வந்தார். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"பிரேக்கு சரி பண்ணிட்டாகளா அப்பு? ஏறாதீகன்னு நீதான போட்ட."

"பண்ணியாச்சு ஆத்தா. பாத்துட்டுத்தான் சொல்றேன். வெரசா ஏறுங்க, வெளிச்சம் மாறிரும்."

முந்தின நாள் சாயங்காலம் ஆரிப்பிடம் விசாரித்திருந்தேன். வண்டி பட்டறைக்கே வரவில்லை என்றார். எதையும் விசாரிக்காமல் செய்வது எனக்குப் பழக்கமில்லை.

சுருளியம்மாள் ஏறினார். பின்னால் பன்னிரண்டு பேர் ஏறினார்கள். ஜோதி என்ற பெண் கேமராவைப் பார்த்து, "என் மொகத்த நல்லா எடுண்ணே, அதப் பாத்தாச்சும் ஒரு மாப்ள வரட்டும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பை வைத்துக்கொண்டேன். சுருளியம்மாளின் கேள்வியையும் என் பதிலையும் வெட்டினேன். ஒரு நிமிடத்துக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை.

'தவறைத் திருத்திக்கொள்ளும் துணிச்சல்' என்று நிறையப் பேர் பாராட்டி எழுதினார்கள்.

இரண்டு நாள் வண்டி போய் வந்தது. மூன்றாம் நாள் மாலை, இறக்கத்தில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் திரும்பவில்லை. எட்டுப் பேர் செத்தார்கள். சுருளியம்மாள் முன்சீட்டிலேயே இருந்தார். ஜோதியின் வீட்டில் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு நல்ல படம் இல்லை என்றார்கள். என்னிடம் இருந்தது. கொடுத்தேன்.

வெட்டாத பதிவு இந்தக் கைப்பேசியில் இருக்கிறது. கேட்கிற குரல் என்னுடையதுதான். பிரேக் பிடிக்காது என்று தெரிந்தே அவர்களை ஏற்றினேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். விபத்துச் செய்தியை முதலில் போட்டது எங்கள் சேனல்தான். அதில் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூட இருக்காது. நிரூபிக்கப்படாத எதையும் நான் போடுவதில்லை.