கண்ணாடி எட்டவில்லை

அறுநூறாம் ஆண்டுச் சந்தைப் பெருவிழாவுக்கு முந்தின நாள் மாலையில், இந்த அவைக்குத் தலைமை தாங்கும் ஊர்த்தலைவர் லியோன்ஹார்ட் அவர்களே! அருகமர்ந்து ஆசி வழங்கும் பங்குத்தந்தை அவர்களே! இறகுத் தொப்பியும் வெள்ளிப் பொத்தான்களும் மின்ன வந்திருக்கும், விழா வேட்டு வெடிக்கும் வேட்டுக்காரர் சங்கத் தலைவர் ஃபைட் அவர்களே! சுரங்கத்தின் இருளை இன்னும் கண்களில் சுமக்கும் பெரியோர்களே! நாளைய விருந்தின் மாவும் வெண்ணெயும் மணக்கும் கைகளோடு அடுப்படியை விட்டு எழுந்து வந்த தாய்மார்களே! சோல்னாவ் ஊரின் சோதர சோதரியரே! முப்பத்தோராண்டு உங்களுக்காக மணியடித்த கைகளைக் கூப்பி, உங்கள் கோயில்பிள்ளை ஸெவெரின் வணங்குகிறேன்.

'நம்மூரின் நிலமும் வரலாறும்' என்று தலைப்புத் தந்தார்கள். பெருமை தோன்றப் பேசுங்கள் என்றும் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் என் பேச்சில் பெருமை தோன்றாவிட்டால் முதுமை என்று எண்ணிவிடாதீர்கள். அச்சம், ஐயா, அச்சம்!

நம் நிலம் எது? வடக்கே ஆகே ஆறு. தெற்கே ரவ்கோகல் மலை. இரண்டுக்கும் இடையே சாய்ந்த சரிவில் நம் முந்நூறு கூரைகள். சரிவின் தலைமாட்டில் புனித பார்பரா கோயில். கோயிலின் வடசுவருக்கு நேர் கீழே கோயில் தெருவின் ஒன்பது வீடுகள். இது வரைபடம் காட்டும் நிலம். வரைபடம் காட்டாத நிலம் ஒன்றும் உண்டு. அது நம் உள்ளங்காலுக்குக் கீழே இருக்கிறது.

நம் வரலாறு எது? உப்பு! உப்பை அகழ்ந்தோம், உப்பால் உயர்ந்தோம், அந்த உப்புக்காகவே அறுநூறு ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோருக்குச் சந்தை உரிமை எழுதித் தந்தார்கள். எப்படி அகழ்ந்தோம்? மலையின் வயிற்றில் அறை வெட்டினோம். அறையில் நீரை நிரப்பினோம். நீர் உப்பைக் கரைத்து உண்டது. அந்த உவர்நீரை இறக்கிக் காய்ச்சினோம். ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக! அறை அறையாய், அடுக்கடுக்காய்! உப்பு வெளியே வந்துவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது? சொல்லுங்கள், என்ன இருக்கிறது? மலையை நாம் தின்றோம், மக்களே! தின்ற வெற்றிடத்தின் மேலேயே தொட்டில் கட்டினோம், மணம் முடித்தோம், கல்லறையும் வெட்டினோம். மணலின்மேல் வீடு கட்டியவனைப் பற்றி அந்தக் கோயிலில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அவனுக்காவது மணல் இருந்தது.

பின்வரிசையில் யாரோ, "பெரியவர் ஆரம்பிச்சுட்டாருய்யா, இனி நோவா கப்பல் வரைக்கும் போவாரு" என்கிறார்கள். போகமாட்டேன், தம்பி. கப்பல் செய்ய நேரமில்லை.

அறுபது ஆண்டுகளுக்கு முன் சுரங்கத்தை மூடிய நாளில், சுரங்க மேலாளர் எனக்கு முன்னிருந்த கோயில்பிள்ளையிடம் ஏழு கண்ணாடிப் பட்டைகளைத் தந்தாராம். விரல் நீளம், நகத்தின் கனம். "கோயில் வடசுவத்துல விரிசல் இருக்கு. அதுக்குக் குறுக்கால இதைச் சாந்து வச்சு ஒட்டு. சுவரு அசையுறது நம்ம கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடிக்குத் தெரியும். ஒண்ணு உடைஞ்சாலும் ஊரைக் கூட்டிரு" என்றாராம். அந்தப் பழைய கோயில்பிள்ளை என்னிடம் சாவிக்கொத்தைத் தந்தபோது இந்தச் சொல்லையும் சேர்த்துத்தான் தந்தார்.

பதினோராண்டுகளுக்கு முன் ஒன்று உடைந்தது.

நான் ஊரைக் கூட்டினேனா? இல்லை. நற்கருணைப் பவனிக்கு நான்கே நாள் இருந்தது. பவனி வழியை அலங்கரிக்கும் பிர்ச் மரக் கிளைகள் வெட்டியாயிற்று, பீட விரிப்புகள் துவைத்தாயிற்று. திருவிழாவைக் கலைத்த கோயில்பிள்ளை என்ற பெயருக்கு அஞ்சினேன். மெழுகுவர்த்திச் சூட்டில் உடைந்தது என்று எனக்கு நானே ஓதிக்கொண்டேன். கண்ணாடிக்காரர் கிலியானிடம் போய்ப் புதிதாக ஒன்று வெட்டி வாங்கி, விடியுமுன் ஒட்டிவிட்டேன்.

மறு ஆண்டும் உடைந்தது. அதற்கு மறு ஆண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு பார்லி மணியளவு நீளம் கூட்டிக் கேட்பேன். கிலியான் கண்ணடிப்பார்: "என்ன கோயில்பிள்ளை, உங்க சுவரு வளருதா? நல்ல சாப்பாடு போடுறீங்க போல!" நானும் சிரிப்பேன். கிலியான், இந்த அவையில்தான் இருக்கிறீர்கள். இப்போது சிரிக்கவில்லை.

இலையுதிர் காலந்தோறும் சுரங்கத்துறை அதிகாரி ஒருவர் விளக்கோடு வருவார். ஏழு பட்டைகளையும் பார்ப்பார். 'உடையவில்லை' என்று எழுதி என் கையொப்பம் வாங்கிப் போவார். அவர் பார்த்தபோது ஏழும் முழுமையாகவே இருந்தன! உண்மையைக்கொண்டே ஒரு பொய்யைக் கட்டினேன், மக்களே. அந்தப் பொய்யின் நிழலில் கோயில் தெருவில் குழந்தைகள் உறங்கினார்கள்.

யாரம்மா அங்கே கோப்பையை இடித்தது? மன்னிக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் வடசுவர்தான் நினைவுக்கு வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

கடந்த செவ்வாய் காலை, வேட்டுக்காரர்கள் ஒத்திகைக்கு மூன்று வேட்டு வெடித்தார்கள். நான் பீடத்தின் பின்னால் மெழுகுவர்த்தித் திரி கத்தரித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வேட்டின் முழக்கம் அடங்கியது. அந்த அமைதியில், டிக். ஒன்று. பிறகு டிக், டிக், டிக். நான்கு பட்டைகள்! என் கழுத்தில் யாரோ குளிர்ந்த மூச்சு விட்டதுபோல் இருந்தது. விரிசலில் கை வைத்தேன். உள்ளிருந்து காற்று வந்தது. உப்பு மணக்கும் காற்று!

அப்போதும் இந்தப் பாவி என்ன செய்தேன் தெரியுமா? நூல் பிடித்து அளந்துகொண்டு கிலியானிடம் ஓடினேன். அவர் வெட்டித் தந்தார். நண்பகல் மணிக்குமுன் திரும்பி, சுவரில் வைத்துப் பார்த்தேன்.

கண்ணாடி எட்டவில்லை.

நக அகலம் குறைந்தது. கிலியான் பிழையாக வெட்டிவிட்டார் என்று கோபம் வந்தது. நூலை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். நூலும் கண்ணாடியும் ஒரே அளவு. அவரும் தவறவில்லை, நானும் தவறவில்லை. மூன்று மணி நேரத்தில் சுவர் நகர்ந்திருந்தது.

நேற்று ஊர்த்தலைவரிடம் சொன்னேன். அவர்மேல் குறையில்லை. "ஆயிரம் விருந்தாளி கிளம்பிட்டாங்க, பெரியவரே. பதினோரு வருஷமா உடையலன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே? இப்ப எதை நம்பச் சொல்றீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லத்தான் வெட்கத்தை விட்டு இந்த மேடையில் நிற்கிறேன். இதோ, அந்தக் கண்ணாடி. இதோ, அந்த நூல். நாளை காலை பத்து மணிக்கு ஆயிரம் பேர் அந்தச் சுவருக்குள் மண்டியிடப் போகிறோம். நான்கு மணிகளும் முழங்கும். நாற்பத்தெட்டு வேட்டுகள் வெடிக்கும். மூன்றுக்கே நான்கு உடைந்தது. நாற்பத்தெட்டுக்கு?

சொல்லுங்கள், நோட்புர்கா அம்மா. கோயில் தெரு ஐந்தாம் வீட்டு அம்மா எழுந்து நிற்கிறார், வழி விடுங்கள். "என் வீட்டு வாசக்கதவு மூணு நாளா மூட மாட்டேங்குது, ஸெவெரின். மழையில மரம் ஊதிடுச்சுன்னு நினைச்சேன்" என்கிறார்.

எந்த மழை, அம்மா? மூன்று வாரமாய் வானம் வறண்டல்லவா கிடக்கிறது!

பாருங்கள்! வேட்டுக்காரர் தலைவர் எழுகிறார். தொப்பியைக் கழற்றிவிட்டார். "எங்க வேட்டு நாளைக்கு வெடிக்காது. என் ஆளுங்க இப்பவே கோயில் தெருவுக்குப் போறாங்க" என்கிறார். வாழ்க நீர், ஃபைட்! ஆனால் மெல்ல நடக்கச் சொல்லுங்கள். ஓட வேண்டாம்.

லியோன்ஹார்ட் அவர்களே, நீங்களும் எழுந்துவிட்டீர்களா? "கோயில் தெருக்காரங்க முதல்ல. கீழ்ச்சாலை வழியா ஆத்தங்கரைப் புல்வெளிக்குப் போங்க. நாளைக்குப் பூசையும் அங்கதான்" என்கிறீர்கள். தலை வணங்குகிறேன். என்னை என்ன செய்வது என்பதை நாளை மறுநாள் முடிவு செய்யுங்கள். ஓடிப்போக மாட்டேன்.

ஆறு மணி கடந்துவிட்டது, மக்களே. மாலை மணி கேட்டீர்களா? முப்பத்தோராண்டில் ஒருநாளும் தவறாத மணி இன்று ஒலிக்கவில்லை. யாரும் இழுக்கக் கூடாதென்று நான்கு கயிறுகளையும் அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டேன். இதோ என் காலடியில், இந்தப் பையில் கிடக்கின்றன. கதவுச் சாவியும் அதிலேயே இருக்கிறது.

பேச இடம் தந்த அவைக்கு நன்றி. ஒரு பாவியின் வரலாற்றைப் பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. சுரங்கத்தில் இறங்குகிறவனுக்கு நம் முன்னோர் ஒரு வாழ்த்துச் சொல்வார்கள். சுரங்கம் மூடும்வரை அதை மலைக்குள் போகிறவனுக்கே சொன்னோம். இன்று மலையின் மேல் குடியிருக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன்: நலமாய் வெளியே வந்து சேருங்கள்!