சிட்டுவோட இடது காது

உள்ள வந்து உட்காருங்கம்மா, வெயில்ல எதுக்கு நிக்கறீங்க. அந்த ஸ்டூல்ல இருக்கிற துணிய இப்படித் தள்ளுங்க. நீங்க மாடி வீட்டுக்கு சம்பந்தம் பேச வந்தவங்கன்னு வாயத் திறக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. ஒத்தச் சட்டைய இஸ்திரிக்குக் குடுத்துட்டு அரைமணி நேரமா மாடியவே அண்ணாந்து பார்க்கறவங்க வேற யாரா இருக்கும்? கீழ்க்கடைக்காரிகிட்ட கேட்டா விஷயம் வந்துரும்னு நினைச்சீங்க. நினைச்சது சரிதான். கேளுங்க.

காதா? ஓ, உங்க பையனே பார்த்துட்டாரா. நடந்து போறப்ப இடது பக்கமிருந்து பேசினாரு, இவ பதிலே சொல்லல, திமிர்னு நினைச்சுட்டாராக்கும். அப்புறம் அவளே சொன்னாளா? அதானே, மறைக்கிற புள்ள இல்ல அது. ஆமாம்மா, சிட்டுக்கு இடது காது கேக்காது. துளிகூடக் கேக்காது. ஆனா வலது காது இருக்கே, நான் இங்க முணுமுணுத்தா மாடியிலேர்ந்து பதில் வரும். யாரோட நடந்தாலும் அவங்க தன் வலது பக்கம் வர்ற மாதிரி இடம் மாறி நின்னுக்குவா. அன்னைக்கு வெக்கத்துல மறந்திருப்பா, பாவம்.

உங்க பயம் எனக்குப் புரியாம இல்ல. நாளைக்குப் பேரப்புள்ளைக்கும் வந்துருமோன்னு. அவ அம்மாகிட்டயே கேட்டீங்களா? என்ன சொன்னா? எல்லாம் என் தப்புன்னு அழுதாளா? அட கடவுளே. அதக் கேட்டுட்டு, ஏதோ பரம்பரை வியாதி, பூசி மெழுகறாங்கன்னு முடிவு கட்டிட்டீங்க. நாளைக்குள்ள வேண்டாம்னு சொல்லியனுப்பப் போறீங்க, இல்ல? உங்களச் சொல்லிக் குத்தமில்ல. நானா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

ஆனா இல்லம்மா. பொறக்கறப்ப ரெண்டு காதும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆறு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. தெரியும்ல, காதுக்குக் கீழ தாடையோரமா கன்னம் உப்பிப் போயி, ஒரு வாய் முழுங்க முடியாம அவஸ்தைப்படுமே. எல்லாருக்கும் வர்றதுதானன்னு நீங்களும் சொல்றீங்க பாருங்க, அப்படித்தான் நாங்களும் நினைச்சோம். பெரும்பாலும் பத்து நாள்ல வடிஞ்சிரும். எங்கேயோ ஒரு புள்ளைக்குக் காதக் கொண்டு போயிரும். அந்த ஒரு புள்ள நம்ம சிட்டு.

சூட்டுனால இல்லம்மா, குளிர்ச்சியும் இல்ல. அது வைரஸ், ஒட்டுவாரொட்டி. இருமினா, தும்மினா, எச்சில் பட்டா ஒட்டிக்கும். இன்னைக்கு ஒட்டினா இன்னைக்கே தெரியாது, ரெண்டு மூணு வாரம் உள்ளயே கம்முனு கிடக்கும். வீக்கம் தெரியறதுக்கு முன்னாடியே பரவ ஆரம்பிச்சு, வீங்கினப்புறமும் அஞ்சு நாள் பரவும். அதுக்குத்தான் புள்ளைய வெளிய விடாதீங்கன்னு டாக்டருங்க தலைப்பாடா அடிச்சுக்கறாங்க. இது ரத்தத்துல வர்றதும் இல்ல, வம்சத்துல வர்றதும் இல்ல. தடுப்பூசி இருக்கு. அப்பவும் இருந்துச்சு, நாங்க யாரும் போடல.

காது போனது எப்படித் தெரிஞ்சுச்சுன்னு கேக்கறீங்களா? அவ அப்பனுக்கு அப்ப வெளியூர்ல வேலை. வாரத்துக்கு ஒருக்கா போன் பண்ணுவான். வீக்கமெல்லாம் வடிஞ்சப்புறம் ஒரு நாள் இவ போன வாங்கிக் காதுல வெச்சுட்டு, அம்மா, அப்பா பேசவே மாட்டேங்கறாருங்கறா. அம்மாக்காரி வாங்கிப் பார்த்தா, அங்க அவன் சிட்டு சிட்டுன்னு கத்திக்கிட்டிருக்கான். அடுத்த வாரமும் இதே கதை. போன் கெட்டுப்போச்சுன்னு ரிப்பேர் கடைக்காரனோட ஒரு பாட்டம் சண்டைவேற. அப்பா கோவமா இருக்காருன்னு புள்ள ரெண்டு நாள் சாப்பிடல. மூணாவது வாரம் தற்செயலா கை மாத்தி வெச்சுருக்கு. ஓடி வந்து, அம்மா, இந்தப் பக்கம் வெச்சா அப்பா வர்றாருன்னுச்சு. அத நான் பக்கத்துல நின்னு பார்த்தேம்மா. 

அதுக்கு ஏன் அம்மா தன் தப்புங்கறான்னா, காய்ச்சல் வந்த அன்னைக்கு முந்தின நாள் புள்ளைக்குத் தலைக்கு ஊத்திட்டு ஈரத்தோட தூங்க விட்டுட்டாளாம். அதுதான் காதுல இறங்கிருச்சாம். பதினெட்டு வருஷமா அதையே சொல்லிச் சொல்லி மாஞ்சுபோறா. இன்னைக்கும் சாயங்காலம் ஆச்சுன்னா சிட்டுவத் தலை குளிக்க விட மாட்டா. எத்தனை டாக்டர் சொல்லியும் கேக்கல.

எனக்கெப்படி இவ்வளவு தெரியும்னா... இருங்க, இந்தக் காலரு கருகிடப் போவுது.

அது எங்க வீட்டுலேர்ந்துதான் போச்சும்மா.

அப்ப நான் துணி துவைக்கிற கம்பெனில வேலை பார்த்தேன். பகல்ல என் பையன மாடியில சிட்டுவோட அம்மாதான் பார்த்துக்குவா. தையல் வேலை, வீட்லயே இருப்பா. பையனுக்குக் கன்னம் வீங்கி ரெண்டு நாள் லீவு போட்டேன். மூணாம் நாள் வரலைன்னா இனிமே வரவேண்டாம்னுட்டான் சூப்பர்வைசர். ஒரு பக்கம் கொஞ்சம் வடிஞ்ச மாதிரி இருந்துச்சு, சரியாயிருச்சுன்னு நானே நினைச்சுக்கிட்டேன். மறுபக்கம் அன்னைக்குத்தான் கிளம்புச்சு. சால்வையச் சுத்திக் கொண்டுபோய் விட்டுட்டு, பல்லு வீக்கம்னு சொன்னேன். அழாம இருக்கட்டும்னு அவன் கையில ஒரு பலூன் குடுத்தேன். சாயங்காலம் வந்து பார்க்கறேன், அவனும் சிட்டுவும் மாடிப்படியில உட்கார்ந்து அந்த ஒத்தப் பலூன மாத்தி மாத்தி ஊதுதுங்க. இவன் ஊதிக் குடுக்கறான், அவ வாங்கி ஊதறா. எனக்குத் திக்குன்னுச்சு. பிடுங்கல. பிடுங்கினா ஏன்னு அவ அம்மா கேப்பாளே.

பதினெட்டாம் நாள் சிட்டுக்கு வீங்குச்சு. பக்கத்துல யாருக்காவது இந்த மாதிரி இருந்துச்சான்னு டாக்டர் கேட்டாராம். அவ அம்மா வந்து என்னக் கேட்டா. அப்பவாவது சொல்லியிருக்கலாம். இல்லையேன்னுட்டேன். நான் உண்மையச் சொல்லியிருந்தாலும் காது திரும்பியிருக்காதுதான், ஆனா அவ தன்னையே அடிச்சுக்கிட்டிருக்க மாட்டா. நீங்களும் இங்க வந்து உட்கார்ந்து விசாரிச்சுக்கிட்டிருக்க மாட்டீங்க. என் பையனா? கல்லு மாதிரி இருக்கான். ரெண்டு காதும் நல்லாக் கேக்குது. அவனுக்கு எதுவும் தெரியாது.

உங்களுக்குச் சாட்சி வேணும்னா நான்தாம்மா சாட்சி. அந்தப் புள்ளைய வேண்டாம்னு மட்டும் சொல்லிறாதீங்க.

இருங்க, படியில செருப்புச் சத்தம். சிட்டுவோட அம்மாதான். எந்திரிக்காதீங்க, நீங்க எதுக்கு ஒளியணும்?

வா, வா. சிட்டு கட்டிக்கப்போற சேலையா? அங்க வை. அப்புறம் தேய்க்கலாம், பெட்டிய அணைச்சுட்டேன். இவங்க உன் சம்பந்தியம்மாதான், நீயும் பக்கத்துல உட்காரு. எனக்கு ஒண்ணும் இல்லடி, நல்லாத்தான் இருக்கேன். நீ ரொம்ப நாளைக்கு முன்னாடி என்னை ஒண்ணு கேட்ட. யாருக்காவது கன்னம் வீங்கியிருந்துச்சான்னு. இல்லையேன்னு சொன்னேன்ல?