இடப்பக்கச் சாளரம்

கணினித் திரையைச் சரிபாதியாகப் பிரித்து வேலை செய்வது கண்ணுக்கு இதமானது என்பது என் பணிவான கருத்து. காவல் ஆய்வாளர் ஐயா, தாங்கள் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதிப் பழக்கமில்லாதவன், பிழைகளைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

செஞ்சியிலிருந்து தொண்டூர் செல்லும் வழியிலுள்ள கல்குவாரியில் நான் அலுவலக எழுத்தர். கோப்புகளைத் திறந்து திருத்தும் மென்பொருளான என் எடிட்டரில் எப்போதும் இரண்டு சாளரங்கள். வலப்பக்கம் வெடி வைக்கும் நேரங்கள்; இடப்பக்கம், பள்ளத்துக்குள் இருப்பவர்களின் பெயர்கள். பெயர்களை வாயிலில் அமர்ந்திருக்கும் கலைமதி தம் கணினியிலிருந்து சேர்ப்பார், நீக்குவார். என் எடிட்டர் காட்டுவது அந்தக் கோப்பின் நகலை மட்டுமே. அதனைப் பஃபர் என்பர். மூலக் கோப்பு மாறினால், 'மீண்டும் படிக்கவா?' என்று கேட்கும். சம்மதித்தால்தான் புதிய பெயர் திரைக்கு வரும்.

பாறையில் துளை போடும் ஆதவன் நல்லவர். ஆனால் அலுவலகத்துக்கு வந்தால் என் மவுஸைத் தொடுவார்.

"இன்னா சார், இத்தினி ஜன்னல் தொறந்து வச்சிருக்கீங்க, காத்து வருதா?"

அன்று காலை சிரித்துக்கொண்டே இரண்டையும் மூடிவிட்டார். சேமிக்காத திருத்தங்கள் போயின. எல்லாவற்றையும் பழையபடி அமைக்க நாற்பது நிமிடங்கள் ஆயின. அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை; நானும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு மணி வெடிக்காக எல்லோரும் மேலே வந்துவிட்டனர். இடப்பக்கம் வெறுமையாக, மிகவும் நேர்த்தியாக இருந்தது. ஐந்து நிமிடங்கள் இருக்கையில், 'மீண்டும் படிக்கவா?' என்ற கேள்வி எழுந்தது. 'வேண்டாம்' என்பதை அழுத்தினேன்.

வெடி வைக்கும் தனகோட்டி வாக்கி-டாக்கியில் வந்தார்.

"கீழ யாருனா இருக்காங்களா சார்? நல்லா பாத்து சொல்லு சார்."

"லிஸ்ட்ல யாரும் இல்லீங்க."

வெடித்த பின் என் பஃபரைச் சேமித்தேன். கோப்பு மாறியிருக்கிறது, இருப்பதை அழித்து எழுதலாமா என்று எடிட்டர் கேட்டது. சம்மதித்தேன்; கலைமதி கடைசியாகச் சேர்த்த பெயர் கோப்பிலிருந்து போயிற்று. "அவுரு பேர போட்டேன் சார், சத்தியமா போட்டேன்" என்று கலைமதி தங்களிடம் அழுதது உண்மையே. அவரை விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஆதவன் மறந்து வைத்த செல்போனை எடுக்கவே மறுபடி இறங்கினார். அது எனக்கு எப்படித் தெரியும் என்று தாங்கள் கேட்கலாம். என் மேசைக்கு எதிரே ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. போகும்போது அவர் காதருகே விரல்களை வைத்துக் காட்டி, கையசைத்தார். மரியாதைக்கு நானும் கையசைத்தேன்.

ஆனால், ஐயா, என் திரையில் அவர் இல்லை.