நடுக்கூடத்துக்கு வந்த ஒயர்

மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் அம்மையாரின் கணவரே, மகளே, நம் கோளரங்கத்தின் தோழர்களே, வணக்கம்.

அழுதுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். உள்ளே நுழைந்ததும் எரிச்சல் வந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னோடு இங்கே விளக்கவுரை சொன்னவர், பிள்ளைகளின் 'சூரிய டீச்சர்', காலமெல்லாம் எதற்குப் போராடினார்? சம்பளத்துக்கா? பதவிக்கா? ஓர் ஒயருக்கு. தரையில் கோள்களின் வட்டங்கள் வரைந்திருக்கிறோம். நடுவில் நிற்க வேண்டிய சூரியன் ஒரு பெரிய விளக்கு. பிளக் பாயிண்டோ சுவரோரம்; அங்கிருந்து நடுவரை ஒயர் இல்லை. ஆகவே சூரியன் சுவரோரம் போயிற்று. நடு காலியாக இருந்தால் நன்றாக இருக்காது என்று பூமியை அங்கே உருட்டி வைத்தோம். உலகம் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டுத் திருத்திய தப்பை ஒரே நாளில் திரும்பக் கொண்டுவந்த பெருமை நமக்கு.

"பூமி சூரியனைச் சுத்துது. எங்கே, சுத்திக் காட்டுங்க" என்பார் டீச்சர். பிள்ளைகள் விளக்கைச் சுற்றக் கிளம்பி, பாதி வழியில் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

"மிஸ், பூமி இங்கேயே நின்னுடுமா?"

"நிக்காதும்மா. சுவர்தான் தப்பு."

குழுவிடம் போனார். பார்க்கலாம் என்றார்கள். மறுபடி போனார். "பூமி நடுவுல இருந்தா யாருக்கும்மா என்ன நஷ்டம்? வர்றவங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க" என்றார் ஓர் உறுப்பினர். "அந்தக் காலத்து ஆளுங்க பாவம் சார். நிக்கற தரை ஆடலை, வானம் நகருது, நம்பிட்டாங்க. நீங்க தெரிஞ்சே வெச்சிருக்கீங்களே" என்றார் டீச்சர். கல்லில் நார் உரித்த கதைதான்.

அவரோடு வேலை பார்ப்பதும் லேசா? "வெயில் ஏறிடுச்சு டீச்சர்" என்று சொல்லிவிட முடியாது. "ஏறலை, நாமதான் திரும்பியிருக்கோம்" என்று ஆரம்பித்தால் முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். இன்று டீ சுடச்சுடக் கிடைத்தது.

மருத்துவமனையில் நினைவு தெளிந்தபோதெல்லாம் மகளிடம் அவர் கேட்டது, "ஒயர் போட்டாங்களா?" மகள், "போட்டுட்டாங்கம்மா" என்றாராம். அந்தப் பெண்ணைப் பொய் சொல்ல வைத்தோம்.

இப்போது கூடத்தைப் பாருங்கள். பூமியை ஓரமாக ஒதுக்கி, நடுவில் அவர் படம். படத்துக்கு மேல் ஒரு விளக்கு. அந்த விளக்குக்காகச் சுவரிலிருந்து இங்கே வரை புத்தம்புது ஒயர். நேற்று ஒரே மாலையில் இழுத்துவிட்டோம். இவ்வளவுதான் வேலை என்றால், அவர் இருந்தபோது ஏன் செய்யவில்லை? தன்னையே நடுவில் வைத்ததை அவர் ஒப்புக்கொள்வாரா?

இனி தீர்மானத்துக்குக் காத்திருப்பதாக இல்லை. கூட்டம் கலைந்ததும் நானும் புரொஜெக்டர்காரரும் இந்த விளக்கைக் கழற்றுவோம். சூரியனைத் தூக்கிவந்து நடுவில் நிறுத்துவோம். பூமியை மூன்றாம் வட்டத்துக்கு உருட்டுவோம். டீச்சரின் படம் அதன் பக்கத்தில் இருக்கும். நாளை வரும் பிள்ளைகள் முழு வட்டமும் சுற்றட்டும்.

தலைவர் அவர்களே, படம் இருட்டில் கிடக்குமே என்று கவலைப்பட வேண்டாம். சூரியனின் வெளிச்சம் அங்கே வரைக்கும் வரும்.