தொடைச் சதை சொன்னது

தாட்சாயணி: ...இன்னொரு தபா தொடையில ஊசியா? வேணாம் பாப்பா. போன தபா சதை எடுத்தப்பவே, ரயிலு நகரி போய்ச் சேர்ற வரைக்கும் இந்த மனுசன் பொலம்பிக்கினே வந்தாரு.

முனிரத்தினம்: நானா பொலம்பினேன்? மரத்துப்போற ஊசி போட்டுட்டாங்க, எனக்கு ஒண்ணுமே தெரியல. நீதான் கண்ண இறுக்கி மூடிக்கினு முருகா, முருகான்னு...

தரணி: அண்ணே, அக்கா, ஒரு நிமிசம். சதை அப்புறம் பாத்துக்கலாம். இன்னிக்கு ரத்தம் மட்டும்தான். வெறும் வயித்துல ஒரு தடவ, சர்க்கரைத் தண்ணி குடிச்சப்புறம் ஒரு தடவ. அதுக்குத்தான் உங்க ரெண்டு பேரையும் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். ஒண்ணும் சாப்பிடலியே?

முனிரத்தினம்: அது... ரேணிகுண்டாவுல இட்லி துன்னுட்டேன்.

தரணி: போன்ல அவ்வளவு சொன்னேனே அண்ணே.

தாட்சாயணி: நானும் துன்னேன்.

தரணி: நீங்களுமா அக்கா?

முனிரத்தினம்: சூடா இருந்துச்சு பாப்பா. கண்ணு முன்ன தட்டு வந்தா இன்னா பண்றது...

தரணி: சரி. அப்ப சொல்லிடறேன். தப்பு உங்க மேல இல்ல. என் மேலதான்.

தாட்சாயணி: இன்னா தப்பு?

தரணி: எங்க ஆராய்ச்சியில சேரும்போது டாக்டர் சார் சொன்னது ஞாபகம் இருக்குதா? உங்க ரெண்டு பேருக்குமே சர்க்கரை நோய் இன்னும் வரல, வாசல்ல நிக்குதுன்னு. யாருக்கு உடற்பயிற்சின்னு கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணும்னு. அண்ணனுக்குப் பயிற்சி வந்துச்சு. அக்கா வழக்கம்போல இருக்கணும், எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லித் தர்றோம்னு...

தாட்சாயணி: மறப்பனா? எங்கக்கா புத்தூர்ல காலு வெரல எடுத்துட்டுப் படுத்துக்கினு கீறா. இவரவிட எனக்குத்தான் ஜாஸ்தி, இன்னும் கொஞ்சம் ஏறினா மாத்திரைதான்னு நீயே சொன்ன. அப்புறம் பாத்தா இவருக்கு ரப்பர் பட்டை, கையில கட்டிக்க வாட்ச்சு, எல்லாம் குடுக்கறாங்க. எனக்கு ஒரு டீ குடுத்து அனுப்பறாங்க.

முனிரத்தினம்: டீயிலயும் சர்க்கரை இல்ல.

தரணி: அண்ணே, விளையாட்டு வேணாம்.

முனிரத்தினம்: நாளு பூரா தறிகிட்ட நிக்கறவனுக்கு எதுக்குப் பயிற்சின்னு நான் அன்னிக்கே கேட்டேன் பாப்பா.

தரணி: நானும் அன்னிக்கே சொன்னேன். நிக்கறது உங்க ஒடம்புக்குப் பழகிப்போன வேலை. தசைய அதுக்கு மேல இழுக்கணும், பளு குடுக்கணும். அப்பதான் தசைக்குள்ள ஒரு புரதம் பெருகும். ரத்தத்துல திரியற சர்க்கரைய தசைக்குள்ள இழுத்துப் போடறது அதோட வேலை. அது கூடியிருக்குதான்னு பாக்கத்தான் தொடையில துணுக்கு எடுக்கறோம்.

தாட்சாயணி: கூடுச்சா?

தரணி: அங்கதான் கோளாறு. அண்ணனோட வாட்ச்சுல ஒரு நாள் விடல. நாடி எகிறியிருக்கு, நேரத்துக்கு முடிஞ்சிருக்கு. நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன், நகரி முனிரத்தினம் அண்ணன் மாதிரி செய்யுங்கன்னு.

தாட்சாயணி: எல்லார்கிட்டயுமா...

தரணி: கூட்டத்துல கைதட்டுனாங்க அக்கா.

முனிரத்தினம்: எனக்கா? யாரும் சொல்லவே இல்ல.

தரணி: ஆனா ரிசல்ட்டு... அண்ணன் பேரு போட்ட சதையில அந்தப் புரதம் கூடவே இல்ல. சர்க்கரையும் முன்னவிட ஏறிடுச்சு. அக்கா பேரு போட்டதுல புரதம் நல்லாக் கூடியிருக்கு, சர்க்கரை எறங்கியிருக்கு. சும்மா இருந்தவங்களுக்கு அது எப்படி நடக்கும்? அன்னிக்கு ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல படுத்திருந்தீங்க. ரத்தத்துக்கும் சதைக்கும் லேபிள் ஒட்டினது நான். மாத்தி ஒட்டிட்டேன்.

தாட்சாயணி: எறங்கியிருக்குதா? எனக்கா?

தரணி: அக்கா, அது உங்களோடது இல்லன்னுதானே சொல்லிக்கிட்டிருக்கேன்.

தாட்சாயணி: எவ்ளோ எறங்குச்சு?

தரணி: சாதாரண அளவுக்கே வந்துடுச்சு. ஆனா அது அண்ணனோடது.

முனிரத்தினம்: மாறியிருக்காது பாப்பா. நீ எதையும் ரெண்டு தபா பாக்கற பொண்ணு.

தரணி: மூணு தடவ பாப்பேன். அப்படியும் என்மேல எனக்கு நம்பிக்கை வர்றதில்ல. படிக்கும்போதே ஒரு தடவ டியூப மாத்தி வெச்சவதான் நான். இப்ப சார் வருவாரு. சொல்லிடப் போறேன்.

முனிரத்தினம்: இன்னான்னு?

தரணி: அன்னிக்கு வந்தவங்க எல்லாரோடதையும் தூக்கிப் போட்டுடுங்கன்னு. உங்களோடத மாத்தினவ இன்னும் யாரு யாரோடத மாத்தினேனோ. நாகபூஷணம்னு ஒரு ஆட்டோக்காரர், சவாரிய விட்டுட்டு வந்து தொடையக் காட்டுனாரு. அவர மறுபடியும் படுக்க வெக்கணும். அதுக்கப்புறம் என்னை இங்க வெச்சுக்க மாட்டாங்க. அது கெடக்கட்டும்.

தாட்சாயணி: யோவ்.

முனிரத்தினம்: இரு.

தாட்சாயணி: இன்னா இரு? புள்ளைக்கு வேலை போவுது.

முனிரத்தினம்: தாட்சா, வேணா...

தாட்சாயணி: நீ எதையும் மாத்தல பாப்பா. மாத்தினது நானு. லேபிள இல்ல. வாட்ச்ச.

தரணி: வாட்ச்சயா?

தாட்சாயணி: இவரு கட்டல. நான் கட்டிக்கினேன். காலையில தறி ஓட்டறதுக்கு முன்ன ரப்பர் பட்டைய கட்டில் கால்ல மாட்டி இழுப்பேன். சேர்ல ஒக்காந்து ஒக்காந்து எழுந்துப்பேன். அப்புறம் ஸ்டேஷன் மேம்பாலத்துல ஏறி எறங்குவேன். மொதல்ல தொடை ரெண்டும் தீயா எரிஞ்சுது. கக்கூசுல ஒக்கார முடியல. இருந்தாலும் வுடல. எங்கக்கா காலுக்குக் கட்டு மாத்தினவ நானு. எப்படி வுடுவேன்?

தரணி: வழக்கம்போல இருக்கறேன்னு கையெழுத்துப் போட்டீங்களே அக்கா.

தாட்சாயணி: போட்டேன். தப்புதான். இவரு ஆரம்பத்துலயே முட்டி வலின்னு படுத்துட்டாரு. வாட்ச்சு சும்மாக் கெடந்தா நீங்க கேப்பீங்க, மானம் போவும்னு எடுத்துக் கட்டினேன். அது சாக்குதான். எனக்கு வேணும்னு இருந்துச்சு, கட்டினேன்.

தரணி: அப்ப... லேபிளு சரி.

தாட்சாயணி: நீ ஒட்டினது ஒட்டினபடி சரி. நம்பிக்கை இல்லன்னா இப்பவே ரத்தம் எடு. நாங்க இட்லி எதுவும் துன்னல.

தரணி: துன்னலியா?

முனிரத்தினம்: பசியில கண்ணு இருட்டிக்கினு வருது.

தரணி: கோவமா வருது அக்கா. மூச்சும் இப்பதான் வருது. சார்கிட்ட நீங்களேதான் சொல்லணும். உங்க ரெண்டு பேரையும் கணக்குல சேக்க மாட்டாங்க. மத்தவங்களோடது தப்பிச்சுது.

தாட்சாயணி: நானே சொல்றேன். திட்டினா வாங்கிக்கறேன்.

தரணி: அண்ணே, நீங்களும் கேளுங்க. ஏறின சர்க்கரை உங்களோடதுதான். சேரும்போது அக்கா நின்ன எடத்துல இப்ப நீங்க நிக்கறீங்க.

தாட்சாயணி: நாளையிலேர்ந்து இவரு செய்வாரு. பட்டைய நான் புடிக்கறேன், இவரு இழுக்கட்டும். பாத்துடறேன் ஒரு கை.

தரணி: எழுந்திருப்பாரா?

தாட்சாயணி: அதான் மலைப்பா கீது. காதுகிட்ட சேரு கிரீச்சு கிரீச்சுன்னு கத்தும், நான் மாடு மாதிரி மூச்சு வாங்குவேன். இவரு ஒரு நாளாவது பொரண்டு படுத்திருக்கணுமே. அப்படி ஒரு தூக்கம்.

தரணி: முட்டி வலிக்குதுன்னு எனக்கு ஒரு போன் போட்டிருந்தா வேற மாதிரி சொல்லிக் குடுத்திருப்பேனே அண்ணே. இப்ப வலி எப்படி?

முனிரத்தினம்: முட்டியில அப்பவே வலி இல்ல பாப்பா, நான் தூங்கவும் இல்ல. நான் கண்ணத் தொறந்திருந்தா, இவ வாட்ச்சக் கழட்டி என் கையிலயே கட்டியிருப்பா.