நூலால் அறுத்த முட்டை

அவித்த முட்டையைக் கத்தியால் அறுக்கக் கூடாது, டிரசர் ஐயா. மஞ்சள் கரு கத்தியோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். அப்புறம் யார் பங்கில் குறைந்தது என்று வீட்டில் வழக்கு நடக்கும். தையல் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை இழுத்துப் பிடித்து, முட்டையைக் குறுக்கே வைத்து அழுத்தினால் போதும். மூன்று முட்டையைப் பன்னிரண்டு துண்டாக்கிவிடுவேன். பதினொன்று பிள்ளைகளுக்கு, மிஞ்சுவது வீட்டுக்காரருக்கு. எனக்கு முட்டையே பிடிக்காது என்று பிள்ளைகள் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

என் கடைக்குட்டி சேதுவின் உடம்பு ஏன் இப்படித் தடிப்புத் தடிப்பாக வீங்கியிருக்கிறது, வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். நீங்கள் இந்தத் தோட்டத்துக் கிளினிக்குக்குப் புதியவர், முட்டையிலிருந்து தொடங்கினால் உங்களுக்கு விளங்காது. ஊசி போட்டாகிவிட்டது, அவனும் அழுது ஓய்ந்து என் மடியில் கிடக்கிறான். வெளியில் வேறு நோயாளியும் இல்லை.

எங்கள் வீட்டைப் பற்றி உங்கள் காதில் ஏற்கெனவே போட்டிருப்பார்கள். பிள்ளைகளோடு பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனுக்குப் பஸ் ஏறினால், எந்தப் பள்ளிக்கூடம், எங்கே சுற்றுலா என்று கண்டக்டர் விசாரிப்பார். ஒரு தீபாவளிக்கு ஜவுளிக்கடைச் சீனர் வெட்டிக் கொடுக்கச் சலித்துப்போய், பூப்போட்ட துணியை முழுச் சுருளாகவே தூக்கி என் வீட்டுக்காரர் தோளில் வைத்துவிட்டார். பெண்களுக்குக் கவுன், ஆண்களுக்குச் சட்டை, மீந்ததில் ஜன்னலுக்குத் திரை. அந்த வருஷம் யாராவது ஜன்னலோரம் நின்றால் ஆள் நிற்பதே தெரியாது.

அரசாங்கத்திலிருந்து ஒரு நர்ஸ் வருவார். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையை வைத்துக்கொண்டு என் வாசலில்தான் அதிக நேரம் நிற்பார். பிறகு ஒரு நாள் நாட்டுக்கு ஏழு கோடி ஜனம் வேண்டும் என்று ரேடியோவில் சொன்னார்கள். "அரசாங்கத்துக்கு இப்பதான்லா புத்தி வந்திருக்கு" என்று இருசப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு லயத்து வீடுகள் முழுக்க ஒரு சுற்று நடந்து வந்தார். இருசப்பன் என் வீட்டுக்காரர், செம்பனைக் குலை வெட்டுகிறவர். தோட்டத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு ஆள் சரிபார்க்கிறார்களே, பெரட்டு, அதைப் போலவே அவரும் சாயங்காலம் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பெரட்டு எடுப்பார். விளையாட்டுக்கு இல்லை. ஒரு முறை பெரட்டு எடுக்காமல் விட்டதில், பக்கத்து வீட்டுப் பையனைக் குளிப்பாட்டிச் சோறு போட்டுத் தூங்கவும் வைத்துவிட்டோம்.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். வேலையை மேற்பார்க்கிற மண்டோரின் பெண்சாதி மட்டும் ஒரு பேச்சு பேசுவாள். அன்னம்மா பெற்றுப் போடுவதோடு சரி, வளர்ப்பதெல்லாம் அந்த மூத்தவள்தான் என்பாள். பத்து மாதம் சுமந்தவள் நான். இடுப்பில் சுமக்க ஒருத்தி கை கொடுத்தால் அது என்ன குற்றமா?

மூத்தவள் லெட்சுமி. அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டேன் என்றும் சொல்வார்கள். நான் நிறுத்தவில்லை. ஒரு நாள் காலையில் அவளை எழுப்பி, கையில் பையைக் கொடுப்பதற்குப் பதிலாகப் பிள்ளையைக் கொடுத்தேன், அவ்வளவுதான். அவளும் வாங்கிக்கொண்டாள். நல்ல குணம் அவளுக்கு. நான் செம்பனை அடியில் உதிரிப் பழம் பொறுக்கப் போனால் வீட்டை நினைக்கவே வேண்டாம். யாருக்கு இருமல், யாருக்குச் சட்டைப் பொத்தான் அறுந்தது, யார் இருட்டில் தனியாக வெளியே போகப் பயப்படுவான், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அப்படி ஒருத்தியை எந்தத் தாயாவது எடுத்து ஊராருக்குக் கொடுப்பாளா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் பெண் கேட்டு வந்தார்கள். பார்க்க வருகிறவர்களை வர வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லை. முதலில் புக்கிட் ரோத்தானிலிருந்து வந்தார்கள். அன்றைக்குப் பலகாரம் இருக்கிறது என்று சொல்லி அடுத்த லயத்துப் பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். மாப்பிள்ளையின் அப்பா சுற்றிலும் பார்த்துவிட்டு, இதெல்லாம் உங்கள் பிள்ளைகளா என்று கேட்டார். ரெண்டு பேர் இன்னும் குளித்துவிட்டு வரவில்லை என்றேன். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். அடுத்து வந்தவர்களிடம், எங்கள் சின்னதுகள் அக்காவை விட்டு இருக்காது, லீவு விட்டால் மொத்தமாக உங்கள் வீட்டுக்குத்தான் வரும் என்று பிரியமாகச் சொல்லி வைத்தேன். கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று போனார்கள். இன்னும் கலந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் என்ன கெடுதல்? பயப்படுகிறவன் வீட்டில் என் பெண் எப்படி வாழ்வாள்?

மூன்றாவதாக வந்தவன்தான் அழகேசன். தோட்ட ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி கந்தையாவின் சம்சாரம் பராசக்தியம்மா கொண்டுவந்த சம்பந்தம் அது. ராசா என்கிற ஊரில் பராசக்தியம்மாவின் அக்கா வீட்டில் சமையல் செய்கிற அம்மாளின் ஒரே மகன். ரவாங்கில் தொழிற்சாலை வேலை. நான் வழக்கம்போல ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கூட்டி வைத்திருந்தேன். அந்தப் பையன் பயப்படவில்லை. நாற்காலியை விட்டுக் கீழே இறங்கி அவர்கள் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். தனியாக வளர்ந்தவனாம், இவ்வளவு பேர் இருக்கிற வீட்டைப் பார்க்க ஆசையாக இருக்கிறதாம்.

சாயங்காலம் இருசப்பன் பெரட்டு எடுத்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குரல் கொடுத்து முடிந்ததும், வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டு, "பன்னெண்டாவது ஆளும் இருக்கேன் மாமா" என்றான் அவன். இருசப்பன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். குசினிக்குள்ளிருந்து லெட்சுமியின் சிரிப்பும் கேட்டது. அவள் அப்படிச் சத்தமாகச் சிரிப்பாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. போய்ப் பார்த்தேன். உலை பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து கிடக்கிறது. சேதுவை இடுப்பில் வைத்துக்கொண்டு, பலகைச் சுவரின் இடுக்கு வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இத்தனை வருஷத்தில் அவள் அடுப்பைக் கவனிக்காமல் நின்றது அன்றைக்குத்தான். எனக்குப் பயமாக இருந்தது, டிரசர் ஐயா.

மாப்பிள்ளையின் தாய், அதுதான் அந்த ராசாக்காரம்மா, கை கழுவக் கொல்லைப்பக்கம் வந்தார். தண்ணீர் மொண்டு ஊற்றினேன். அந்தக் கடைக்குட்டி அக்கா இடுப்பை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறானே என்று அவர் சிரித்தார். சேதுவுக்கு அப்போது ஒரு வயது இருக்கும். நான் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அவன் எம் புள்ளைதாங்க. ஊருக்கெல்லாம் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கோம். ஒங்க மகனுக்குத் தெரிய வேணாம், எம் பொண்ணு பாவம்" என்றேன்.

சேது என் பிள்ளை. ஊருக்கும் அப்படித்தானே சொல்லியிருக்கிறோம். என் பெண்ணும் பாவம்தான். இதில் எந்தச் சொல் பொய்? அந்த அம்மாள் கையைத் துடைக்காமல் குசினிப் பக்கம் திரும்பி, லெட்சுமியையும் அவள் இடுப்பில் இருந்த சேதுவையும் மாறி மாறிப் பார்த்தார். பதினொரு பிள்ளை இருக்கிற வீட்டில், பெண்ணுக்குக் கல்யாண வயதாகியும் தாய்க்குத் தொட்டில் ஆடுகிறது என்றால் ஜனங்களுக்கு எதுவும் நம்பும்படியாக இருக்கும். எங்களைப் பார்த்து இத்தனை வருஷம் சிரித்தார்களே, அது ஒரு நாளைக்காவது எனக்கு உதவட்டும் என்று நினைத்தேன்.

ராசாவிலிருந்து தகவலே வரவில்லை. லெட்சுமி கொஞ்ச நாள் பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். ஒரு நாள் எனக்குத் தலை சீவிக்கொண்டே, தன்னிடம் என்ன குறை என்று கேட்டாள். உன்னிடம் ஒரு குறையும் இல்லையம்மா, எங்கள் கூட்டத்தைப் பார்த்துத்தான் மிரண்டு ஓடுகிறார்கள் என்றேன். அவள் சீவி முடித்துக் கொண்டையும் போட்டுவிட்டாள். அன்றைக்கு அவளுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பால் நானே செய்தேன். எனக்கு ஈவிரக்கம் இல்லை என்று சொல்கிறார்களே, அதற்காகச் சொல்கிறேன்.

அதற்கப்புறம் ரெண்டு வருஷம் வீடு ஒழுங்காக ஓடியது. சேது பேச ஆரம்பித்தான். லெட்சுமியை அம்மா என்றான், என்னைப் பெரியம்மா என்றான். சின்னப்பிள்ளைக்கு என்ன தெரியும். லெட்சுமிதான் அவனைத் திருத்தியிருக்க வேண்டும். அதில் அவள்மேல் எனக்கு வருத்தம் உண்டு.

போன மாதம் பராசக்தியம்மா ராசாவுக்கு அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போனார்கள். அழகேசன் வேறு எந்தப் பெண்ணையும் பார்க்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறானாம். அதுவரை யாரிடமும் வாய் திறக்காமல் இருந்த அவன் தாய், மனசு தாங்காமல் அன்றைக்குத்தான் நான் கொல்லையில் சொன்னதைப் பராசக்தியம்மாவிடம் சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷி, ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறார். நான் யோசிக்காமல் விட்டது ஒன்று உண்டு. சேது பிறந்தபோது எனக்கு வலி கண்டு, கிராணியின் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூட வந்தவர் இதே பராசக்தியம்மா.

ஊர் திரும்பியவர் நேரே என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அன்னம்மா, இந்தப் பிள்ளையைப் பெத்த அண்டைக்கு உம்மட கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள் நான். பிறகேன் அப்பிடிச் சொன்னனீர்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் எங்கள் வீடு பலகைச் சுவர். பின்னால் அம்மி சத்தம் நின்றது. நான் ஒளிக்கவில்லை. உங்களிடம் சொன்னதைத்தான் அவரிடமும் சொன்னேன். இவள் போனால் பத்துப் பிள்ளையும் தாயில்லாப் பிள்ளையாகிவிடும் அம்மா என்றேன். சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

லெட்சுமி வந்தாள். கையில் மசாலா. போய்க் கழுவிக்கொண்டு மறுபடி வந்தாள். சத்தம் போடுவாள், அழுவாள், அப்படியானால் நானும் அழுது சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. சேதுவைத் தூக்கி முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என் மடியில் உட்கார வைத்தாள்.

"இவனுக்கு முட்ட ஆவாதும்மா. தின்னா தடிச்சிப் போவும், மூச்சு வாங்கும். இவன் பங்க இத்தன நாளா நாந்தான் எடுத்துக்கிட்டேன்" என்றாள்.

என்னிடம் அவள் சொன்னது அவ்வளவுதான். நாலு சேலையை ஒரு பையில் போட்டுக்கொண்டு பராசக்தியம்மா பின்னாலேயே போய்விட்டாள். வருகிற மாதம் ராசா கோயிலில் கல்யாணம் என்று கேள்விப்பட்டேன். அன்று சாயங்காலம் இருசப்பன் வழக்கம்போலப் பெரட்டு எடுக்க நின்றார். முதல் பெயர் லெட்சுமி. பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டார். யாரும் குரல் கொடுக்கவில்லை. அதற்கப்புறம் அவர் பெரட்டும் எடுப்பதில்லை, என்னோடு பேசுவதும் இல்லை.

இப்போது முட்டைக்கு வருகிறேன். நேற்று மூன்று முட்டை அவித்தேன். நூலால் அறுத்தேன். லெட்சுமியின் துண்டு மிஞ்சியது. அவள் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் இந்த வீட்டை விட்டுப் போனவள். என் பிள்ளைக்கு எது ஆகும், எது ஆகாது என்று அவளா எனக்குச் சொல்வது? மற்ற பிள்ளைகள் தின்று வளர்ந்த முட்டைதானே? அவன் பங்கை அவனுக்கு ஊட்டினேன். அவள் பங்கையும் சேர்த்தே ஊட்டினேன். என் வீட்டில் பாரபட்சம் கிடையாது.

ராத்திரியெல்லாம் சொரிந்தான். விடியும்போது மூச்சு இழுத்தது, உடனே தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். கவனிக்காத தாயாக இருந்தால் வந்திருப்பேனா?

பொய் சொல்லிப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கப் பார்த்தாள் என்று தோட்டம் முழுக்க என் பேச்சுதான். உங்களிடமும் வந்து சொல்வார்கள். நீங்கள் படித்தவர், நியாயமாகச் சொல்லுங்கள். ஊசி போட்டது நீங்கள்தானே. நான் அவன் கையைப் பிடித்தேன், உதறிவிட்டான். வாசலைப் பார்த்துக்கொண்டு அம்மா, அம்மா என்று யாரைக் கூப்பிட்டு அழுதான்? உங்கள் காதாலேயே கேட்டீர்கள் அல்லவா. அப்படியானால் அன்றைக்கு அந்த ராசாக்காரம்மாவிடம் நான் சொன்னதில் என்ன பொய் இருக்கிறது?